கடல்சார் வரலாற்று மாநாடுகளில் தன்னார்வ ஆய்வாளர்கள்: சான்றும் சோதனையும்

ஆய்வுச் சுருக்கம்

கடல்சார் வரலாறு, பல்கலைக்கழகத் துறைகளுக்கு வெளியே இருப்போரின் உழைப்பால் பெரிதும் வளர்ந்த ஒரு புலம். கடற்படை அலுவலர், கப்பல் வடிவமைப்பாளர், பொறியாளர், மாலுமி எனப் பல தொழிலினர் தத்தம் கைவழி அறிவை வரலாற்று வினாக்களுக்குப் பயன்படுத்தியுள்ளனர். அவர்களுள் சிலருடைய முடிவுகள் ஆய்வுலகில் நிலைபெற்றன, சிலருடையவை மறுக்கப்பட்டன. இவ்வேறுபாடு எதனால் நேர்கிறது என்பதை, 1983-ஆம் ஆண்டு கிரீனிச்சில் நிகழ்ந்த கிரேக்கப் போர்க்கப்பல் பற்றிய கலந்தாய்வையும், 2002-இல் முன்வைக்கப்பட்ட சீனக் கடற்பயணக் கருத்தையும் ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது. காலி மும்மொழிக் கல்வெட்டு, நியூசிலாந்துத் தமிழ் மணி ஆகிய இரு சான்றுகளின் வழி, இவ்வகை ஆய்வுகளில் தமிழ் ஆய்வாளர்க்குரிய பொறுப்பும் சுட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: கடல்சார் வரலாறு, தன்னார்வ ஆய்வாளர், மூவரிசைத் துடுப்புக் கப்பல், காலி மும்மொழிக் கல்வெட்டு, தமிழ் மணி, ஆய்வு மாநாடு

முன்னுரை

வரலாற்றுத் துறையில் பட்டமோ பதவியோ இல்லாமல், தம் சொந்த ஆர்வத்தாலும் செலவாலும் ஆய்வு மேற்கொள்வோரைத் தன்னார்வ ஆய்வாளர் என இக்கட்டுரை குறிக்கிறது. கல்வெட்டு, நாணயம், ஊர் வரலாறு போன்ற துறைகளிலும் இவர்கள் உள்ளனர். ஆயினும் கடல்சார் வரலாற்றில் இவர்களின் இடம் தனித்தன்மை உடையது. கப்பல் என்பது ஒரு கருவி. அது எவ்வாறு மிதந்தது, எக்காற்றில் எத்திசை நோக்கிச் சென்றது, எத்தனை பேர் அதனை உந்தினர் என்னும் வினாக்களுக்கு நூலறிவு மட்டும் விடை தருவதில்லை; கடலிலும் பட்டறையிலும் பயின்றோரின் அறிவு தேவைப்படுகிறது. அவ்வறிவு உடையோர் பெரும்பாலும் கல்விப்புலத்திற்கு வெளியே இருக்கின்றனர்.

இவர்கள் மாநாட்டு மேடைக்கு வரும்போது இரண்டு தவறான எதிர்வினைகள் நிகழ்வதுண்டு. ஒன்று, பட்டமில்லை என்பதால் கேளாமலே ஒதுக்குதல். மற்றொன்று, அனுபவம் உடையவர் என்பதால் ஆராயாமலே ஏற்றல். இரண்டும் ஆய்வுக்குக் கேடு பயப்பவை. ஒரு கருத்து எத்தகைய சோதனைக்குத் தன்னை உட்படுத்துகிறது என்பதே அதனை ஏற்கவும் தள்ளவும் உரிய அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

தன்னார்வ மரபின் தோற்றம்

பிரிட்டனில் 1910-ஆம் ஆண்டு கடல்சார் ஆய்வுச் சங்கம் நிறுவப்பட்டது. மறு ஆண்டே அதன் இதழான ‘மரைனர்ஸ் மிரர்’ வெளிவரத் தொடங்கியது. இச்சங்கத்தின் தொடக்ககால உறுப்பினருள் ஓவியர், கடற்படை அலுவலர், பாய்மரப்படகு ஆர்வலர் எனப் பலர் இருந்தனர். ஒரு காலத்துக் கப்பலின் பாய்க்கயிறு எவ்வாறு கட்டப்பட்டிருந்தது என்பது போன்ற நுண்ணிய வினாக்களே அவர்களை ஒன்றிணைத்தன.

இம்மரபில் ரூபர்ட் கூல்டு குறிப்பிடத்தக்கவர். கடற்படை அலுவலராக இருந்த இவர் கடிகாரத் தொழிலில் முறையான பயிற்சி பெற்றவர் அல்லர். கடலில் நெடுங்கோட்டைக் கணிப்பதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் செய்த காலக்கருவிகள் கிரீனிச்சில் துருவேறிக் கிடந்ததை 1920-இல் கண்டு, அவற்றைச் சீர்செய்ய முன்வந்தார். கழற்றிய பகுதிகளையும் செய்த மாற்றங்களையும் குறிப்பேடுகளில் பதிவு செய்தார். கடற்காலக்கருவியின் வரலாற்றை 1923-இல் நூலாக வெளியிட்டார். 1935-இல் கடல்சார் ஆய்வுச் சங்கத்தில் ஹாரிசனின் கருவிகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை அவ்வாண்டே அச்சங்கத்தின் இதழில் அச்சாயிற்று. பின்வந்தோர் அவருடைய முடிவுகளைச் சரிபார்க்க அக்குறிப்பேடுகள் துணைநின்றன.

சுவீடனின் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் மற்றோர் எடுத்துக்காட்டு. பொறியாளரான அவர், 1628 ஆகஸ்டு 10 அன்று தன் முதற் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய ‘வாசா’ என்னும் போர்க்கப்பலைத் தேடினார். மரத்தைத் துளைத்து அழிக்கும் கப்பற்புழு, உப்புக் குறைந்த பால்டிக் கடல்நீரில் வாழ்வதில்லை. எனவே அங்கு மூழ்கிய மரக்கப்பல்கள் அழியாதிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். ஆவணக்காப்பகங்களில் கிடைத்த செய்திகளையும், கடலடியிலிருந்து மரத்துண்டைப் பெயர்த்தெடுக்கும் எளிய கருவியையும் கொண்டு 1956-இல் கப்பலின் இருப்பிடத்தைக் கண்டறிந்தார். 1961 ஏப்ரல் 24 அன்று கப்பல் நீர்மட்டத்துக்கு உயர்த்தப்பட்டது. அவருடைய கருதுகோளில், அது பிழையாயின் பிழையென்று தெரியவரும் வாயிலும் உடனிருந்தது: கருவி கருங்காலிபோற் கறுத்த ஓக்கு மரத்தைக் கொணர வேண்டும், இன்றேல் தேடலிடம் தவறு.

கிரீனிச்சு கலந்தாய்வு, 1983

கிரேக்க நகரரசுகளின் முதன்மைப் போர்க்கப்பலாகக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் விளங்கியது டிரைரீம் எனப்படும் மூவரிசைத் துடுப்புக் கப்பல். அதன் உடல் எங்கும் கண்டெடுக்கப்படவில்லை. பெரும் பாரமின்றி மரத்தாலேயே அமைந்தமையால், சேதமுற்ற பின்னும் அது கடலடிக்கு முழுமையாக ஆழாமல் மிதந்திருக்கும் என்பர். எனவே அதன் துடுப்பு அமைப்புப் பற்றிய விவாதம் பல தலைமுறைகளாகத் தொடர்ந்தது. 1975-இல் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியிலேயே இக்கப்பலின் வேகம் பற்றிய விவாதம் வாரக்கணக்கில் நடைபெற்றது.

இவ்விவாதத்தைச் செயலாக்க மூவர் இணைந்தனர். ஜான் மாரிசன் கிரேக்க இலக்கியப் புலமையாளர். 1941-ஆம் ஆண்டிலேயே இக்கப்பல் பற்றி ‘மரைனர்ஸ் மிரர்’ இதழில் எழுதியவர். ஜான் கோட்ஸ் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தில் போர்க்கப்பல் வடிவமைப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஃபிராங்க் வெல்ஷ் வங்கியாளரும் எழுத்தாளரும் ஆவார். மூவருள் இருவர் தொல்வரலாற்றைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். 1982-இல் இவர்கள் டிரைரீம் அறக்கட்டளையை நிறுவினர்.

அவர்கள் கைக்கொண்ட சான்றுகள் பல திறத்தன. ஏதென்சின் துறைமுகமான பிரேயசில், சேயா என்னுமிடத்தில் அகழ்ந்து காணப்பட்ட கப்பல் கொட்டில்கள், கப்பலின் நீளம் ஏறத்தாழ 37 மீட்டரையும் அகலம் 6 மீட்டரையும் கடந்திருக்க இயலாது எனக் காட்டின. கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கடற்படைக் கல்வெட்டுப் பட்டியல்கள் மேல்வரிசைக்கு 62, நடுவரிசைக்கு 54, கீழ்வரிசைக்கு 54 எனத் துடுப்புகளின் எண்ணிக்கையைத் தந்தன, கூடுதல் 170. ஒரு துடுப்பைப் பலர் இழுத்தனரா, ஒருவர் இழுத்தனரா என்னும் வினாவுக்குத் துசிடிடீசின் வரலாற்றில் விடை இருந்தது. கி.மு. 429-இல் கொரிந்திலிருந்து தரைவழி சென்ற துடுப்பாளர் ஒவ்வொருவரும் ஒரு துடுப்பு, ஓர் இருக்கைத் தோல், ஒரு துடுப்புவார் ஆகியவற்றைச் சுமந்து சென்றனர் என்பது அவர் தரும் செய்தி. ஆளுக்கு ஒரு துடுப்பு என்பதே இதனால் பெறப்படும். ஏதென்சு அக்ரோபோலிசில் கிடைத்த லெனோர்மாண் புடைப்புச் சிற்பம் துடுப்பாளர் அமர்ந்திருந்த முறையைக் காட்டியது.

இச்சான்றுகளைக் கோட்ஸ் கப்பற் பொறியியலின் வழியில் அணுகினார். ஓர் இலக்கியச் செய்தி சொல்லும் கப்பலைக் கட்டினால், அது நேராக மிதக்குமா, அலையில் முதுகொடியாமல் நிற்குமா என்று கணக்கிட்டார். இலக்கியப் புலமையாளர் வழக்கமாக எழுப்பாத வினாக்கள் இவை. வரைபடங்கள் முழுமை பெற்றதும் உடனே கட்டுமானம் தொடங்கப்படவில்லை. 1983-இல் கிரீனிச்சு தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஒரு கலந்தாய்வு கூட்டப்பட்டது. வடிவமைப்பு, புலமையாளர் முன்னும் துறை வல்லுநர் முன்னும் மறுப்புக்காகவே வைக்கப்பட்டது. முன்வைத்த கருத்துகளும் எழுந்த மறுப்புகளும் 1984-இல் நூலாக அச்சாயின. மேடையில் பேசியதோடு முடியாமல், மறுத்தவரின் சொல்லும் ஆவணத்தில் இடம்பெற்றது இக்கலந்தாய்வின் சிறப்பு.

பின்னர்க் கிரேக்கத்தில் கட்டப்பெற்ற ‘ஒலிம்பியாஸ்’ 1987-இல் கிரேக்கக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. 1987 முதல் 1994 வரை ஐந்து பருவங்களில் தன்னார்வத் துடுப்பாளர்கள் அதனைக் கடலில் செலுத்திச் சோதித்தனர். குறுகிய தொலைவில் அது ஏறத்தாழ 9 நாட் வேகத்தை எட்டியது. மூன்று வரிசையினரும் மோதாமல் துடுப்பு வலிக்க இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் நெடுந்தொலைவில் குறை தெரிந்தது. பைசாந்தியத்திலிருந்து கருங்கடற்கரை ஹெராக்லியா வரை, துடுப்பால் ஒரு நீண்ட பகற்பொழுதில் செல்லலாம் என்று செனபன் குறிக்கும் வேகத்தை ஒலிம்பியாசால் நெடுநேரம் தக்கவைக்க இயலவில்லை.

குறைக்குக் காரணம் ஓர் அளவு. துடுப்பாளர் இருவருக்கு இடைப்பட்ட வெளி இரண்டு முழம் என்பது கொள்கை. ஒரு முழம் 0.444 மீட்டர் எனக் கொண்டு அவ்வெளி 0.888 மீட்டராக அமைக்கப்பட்டது. உயரமான துடுப்பாளர்க்கு அது போதவில்லை. முழுமையாக முன்சாய்ந்து வலிக்க இடமில்லை. சலாமிஸ் தீவில் கிடைத்த அளவைச் சிற்பம் ஒன்று, ஏறத்தாழ 0.49 மீட்டர் கொண்ட முழமும் வழக்கிலிருந்ததைக் காட்டியது. அதன்படி இடைவெளி 0.98 மீட்டராகும். திருத்திய வடிவம் பற்றிய விவாதம் 1998 மாநாட்டுக் கட்டுரைகளிலும், 2012-இல் வெளிவந்த இறுதி அறிக்கையிலும் தொடர்ந்தது. ஆக, கப்பலைக் கட்டியவர்களின் பதிவுகளே அதன் குறையைக் கண்டுபிடிக்க வழிசெய்தன. ஒன்பது சென்டிமீட்டர் வேறுபாடு வரை ஒரு வரலாற்றுக் கருத்தைச் சோதிக்க முடிந்ததென்றால், அக்கருத்து எவ்வளவு தெளிவாக முன்வைக்கப்பட்டிருந்தது என்பதை உணரலாம்.

‘1421’: சோதனைக்கு உட்படாத கருத்து

கேவின் மென்சிஸ் பிரிட்டன் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் தலைவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கோட்சைப் போலவே இவரும் கடலறிவு உடையவர். மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹெயின் கப்பல்கள் 1421 முதல் 1423 வரையான காலத்தில் அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் அடைந்தன என்னும் கருத்தை 2002-இல் இலண்டன் அரச புவியியற் சங்க அரங்கில் நிகழ்த்திய உரையிலும், அவ்வாண்டே வெளிவந்த நூலிலும் முன்வைத்தார். நூல் பெருமளவில் விற்றது.

2004-இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபின்லே உலக வரலாற்று ஆய்விதழ் ஒன்றில் இக்கருத்தை விரிவாக மறுத்தார். மென்சிஸ் சீன மொழி அறிந்தவர் அல்லர். செங் ஹெயின் பயணங்களுக்கு மூலச் சான்றுகள் உள்ளன: உடன்சென்ற மா ஹுவானின் நூல், மிங் அரசவைக் குறிப்புகள், செங் ஹெ 1431-இல் தாமே நிறுவிய இரு கல்வெட்டுகள். அக்கல்வெட்டுகள் அவருடைய பயணங்களை வரிசைப்படுத்துகின்றன. அமெரிக்காவைப் பற்றி ஏதும் கூறவில்லை. இதற்கு மென்சிஸ் தரும் விளக்கம், ஆவணங்கள் அதிகாரிகளால் அழிக்கப்பட்டன என்பது. சான்று கிடைத்தால் அது துணை. கிடைக்காவிடின் அழிக்கப்பட்டது என்றால், அக்கருத்து எந்நிலையிலும் பிழைபடாது. பிழைபடவே வழியில்லாத கருத்து ஆய்வுக் கருத்தாகாது.

இவ்விரு நிகழ்வுகளும் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. கோட்சும் மென்சிசும் பட்டம், தொழில், ஆர்வம், உழைப்பு ஆகியவற்றால் பெரிதும் வேறுபட்டவர் அல்லர். கோட்ஸ் தம் கருத்தை எண்ணாகவும் வரைபடமாகவும் மாற்றி, மறுப்போர் கையில் கொடுத்தார்; மூலமொழி அறிந்த மாரிசனை உடன்கொண்டார். மென்சிசின் கருத்து கேட்போர் அரங்கிலிருந்து நேரே நூலங்காடிக்குச் சென்றது. மாநாடு என்பது கருத்தை வெளியிடும் இடம் மட்டுமன்று. கருத்தைத் திருத்தும் இடமுமாகும். இரண்டாவது பணி நிகழாத மாநாடு, மாநாடு என்னும் பெயர்க்கு உரியதன்று.

காலி மும்மொழிக் கல்வெட்டு

செங் ஹெயின் பயணங்களுக்குரிய உறுதியான சான்றுகளுள் ஒன்றில் தமிழ் இடம்பெற்றுள்ளது. 1911-இல் இலங்கையின் காலி நகரில் பொறியாளர் ஒருவர், வடிகால் மூடியாகக் கிடந்த கற்பலகையில் எழுத்திருப்பதைக் கண்டார். 1409-ஆம் ஆண்டுக் காலக்குறிப்புடைய அது, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

சீனப் பகுதி புத்தருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. அதனை மட்டும் படித்தவர், சீனப் பேரரசர் இலங்கைப் பௌத்தத்திற்குச் செய்த சிறப்பு என்றே கருதுவர். தமிழ்ப் பகுதியோ தென்னிலங்கையின் தேவந்துறையில் கோயில் கொண்ட தென்னாவரை நாயனாரைப் போற்றி, அத்தெய்வத்துக்கே காணிக்கைகளை உரிமையாக்குகிறது. பாரசீகப் பகுதி இசுலாத்தின் ஒளியைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. மும்மொழி வணிகர் கூடிய துறைமுகத்தில் ஒவ்வொரு சமயத்தாருக்கும் ஏற்ற சொல்லைச் சீன அரசு தேர்ந்தது என்பது தமிழ்ப் பகுதியை எஸ். பரணவிதான படித்து வெளியிட்ட பின்னரே முழுமையாக விளங்கியது. கல்லைக் கண்டவர் பொறியாளர்; படித்தவர் மொழியறிஞர். ஒருவர் பணி மற்றவர் பணியின்றி நிறைவுறாது.

நியூசிலாந்துத் தமிழ் மணி

இரண்டாவது சான்று இன்னும் வினாவாகவே நிற்பது. 1836-ஐ ஒட்டி, நியூசிலாந்தின் வடபகுதியிலுள்ள ஃபாங்கரேய்க்கு அருகில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாக ஒரு வெண்கலப் பொருளைப் பயன்படுத்தியதை வில்லியம் கொலென்சோ கண்டார். இவர் அச்சுத்தொழில் கற்ற சமயப் பணியாளர். தாவரவியலில் தன்னார்வ ஆய்வாளர். பெருங்காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் அது கிடைத்ததாக அவருக்குச் சொல்லப்பட்டது. அது உடைந்த கப்பல் மணியின் மேற்பகுதி. உயரம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். அதைச் சுற்றித் தமிழ் எழுத்துகள் உள்ளன. முகைய்யதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. இன்று வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

இம்மணியைக் கொண்டு, ஐரோப்பியர்க்கு முன்பே தமிழர் நியூசிலாந்தை அடைந்தனர் என்று கூறுவோர் உளர். 1975-இல் கப்பல் தலைவர் பிரெட் ஹில்டர் பாலினீசியச் சங்கத்தின் ஆய்விதழில் இதன் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். மணி உறுதியாகச் சொல்வது எது, சொல்லாதது எது என்று பிரித்தறிதல் இங்கு இன்றியமையாதது. தமிழ் முசுலிம் பெயருடைய ஒருவருக்குக் கப்பல் இருந்தது, அதில் தமிழ் எழுத்துடைய மணி இருந்தது என்பன உறுதி. காயல்பட்டினம், கீழக்கரை, நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளின் முசுலிம் கப்பல் வணிகத்தை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. அக்கப்பல் மாலுமிகளுடன் நியூசிலாந்துக்குச் சென்றது என்பது உய்த்துணர்வு. கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் மிதந்து சென்றிருக்கலாம். மணி மட்டும் பிறர் கப்பலில் கைமாறிச் சென்றிருக்கலாம். மணி இருக்குமிடம் கொண்டு மனிதர் சென்றதை முடிவு செய்தல் இயலாது.

ஆயினும் மணியின் காலத்தை வரையறுக்கும் பணியில் தமிழ் ஆய்வாளர்க்கு இடமுண்டு. காலம் குறித்த செப்பேடுகள், முசுலிம் அடக்கத்தலக் கல்வெட்டுகள், பிற உலோகப் பொருள்களின் எழுத்து ஆகியவற்றோடு மணியின் எழுத்தமைதியை ஒப்பிடுதல், ‘கப்பல்’ என்பது ‘கபல்’ என ஒற்றின்றி எழுதப்பட்டிருப்பதையும் ‘உடைய’ என்னும் சொல் இருமுறை வருவதையும் வழக்காற்று நோக்கில் ஆராய்தல் ஆகியன கடற்பயண அனுபவம் மட்டும் உடையோரால் செய்ய இயலாதவை. தமிழ் அறிந்தோர் விலகி நின்றால், இம்மணியின் கதையைத் தமிழ் அறியாதோரே எழுதுவர்.

தமிழகக் கடற்கரையும் மாநாட்டு நெறியும்

இந்நெறி தமிழகக் கடற்கரைக்கும் பொருந்தும். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் ஒரு விலங்கியலாளர். அவர் 1920-இல் இந்தியப் படகு வடிவங்கள் பற்றி வெளியிட்ட விரிவான ஆய்வு, கட்டுமரம் முதலிய கலங்களின் வருணனையால் இன்றும் மதிப்புடையது. தென்னிந்தியப் படகுகளில் பாலினீசியத் தாக்கம் உண்டு என்னும் அவருடைய கருதுகோள் அவ்வாறு நிலைபெறவில்லை. வருணனையையும் ஊகத்தையும் பிரித்துப் படிக்க முடிவதாலேயே, ஒன்றன் குறை மற்றொன்றன் பயனைக் கெடுக்கவில்லை.

கண்ணாடியிழைப் படகும் பொறியும் பரவிய பின், கட்டுமரத்தைப் பிணைக்கும் முறையையும், கொண்டல், கச்சான், வாடை, சோழகம் எனக் காற்றையும், நீவாடு என நீரோட்டத்தையும் பெயர்சொல்லி அறிந்த தலைமுறை குறைந்து வருகிறது. அவ்வறிவு உடையோர் மீனவர், படகு கட்டும் ஆசாரிமார், ஓய்வுபெற்ற மாலுமிகள். அவர்களுள் ஒருவர் கருத்தரங்கில் பேச முன்வரும்போது மேற்கோள் முறையில் குறைகண்டு திருப்பி அனுப்புதல் இழப்பாகும். அவர் கூறும் ஒவ்வொரு தொன்மைக் கூற்றையும் கைதட்டி ஏற்பதும் இழப்பே.

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து நான்கு நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, கண்டதையும் கருதியதையும் கட்டுரையில் தனித்தனியே நிறுத்துதல். இரண்டாவது, எச்சான்று கிடைத்தால் தம் கருத்து வீழும் என்பதை ஆய்வாளரே கூறுதல். மூன்றாவது, மூலமொழி அறிந்தவரையும் தொழில்நுட்பம் அறிந்தவரையும் ஓர் ஆய்வில் இணைத்தல். நான்காவது, கட்டுரையோடு மறுப்பையும் விடையையும் அச்சிடுதல். கருத்தரங்கக் கோவைகளில் கட்டுரைகள் மட்டுமே இடம்பெறும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. கேட்கப்பட்ட வினாக்கள் அரங்கிலேயே மறைந்துபோகின்றன. நான்காம் நெறியைக் கைக்கொண்டால் ஏனைய மூன்றும் தாமே வலுப்பெறும்.

முடிவுரை

கடல்சார் வரலாற்றுக்குத் தன்னார்வ ஆய்வாளர் அளித்த பங்கு பெரிது. கூல்டின் குறிப்பேடும் ஃபிரான்சேனின் கப்பற்புழுவும் கோட்சின் கணக்கீடும் கல்விப்புலம் தானே கேளாத வினாக்களிலிருந்து பிறந்தவை. அவை நிலைபெற்றதற்குக் காரணம், பிறர் சரிபார்க்கும் வடிவில் அவை வெளிப்பட்டமையாகும். மென்சிசின் கருத்து மறுக்கப்பட்டதற்குக் காரணம் அவர் கடற்படையினர் என்பதன்று. சரிபார்க்கும் வழியை அக்கருத்தே அடைத்துக்கொண்டமையாகும். தமிழ் எழுத்துடைய கடல்சார் சான்றுகள் காலியிலும் வெலிங்டனிலும் உள்ளன. அவற்றைப் படிப்பதும், அவற்றைப் பற்றிப் பேச வருவோரைக் கேட்பதும், கேட்டபின் வினவுவதும் தமிழ் ஆய்வாளர்தம் கடமை. ஒரு கருத்தரங்கின் பயனை, அங்குப் படிக்கப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளப்பதைவிட, அங்கு எழுந்த வினாவால் திருத்தம் பெற்ற கட்டுரைகளால் அளத்தல் தகும்.